சும்மா இருக்கத் தந்த காசு

மொன்றியல்
18.04.2005

அன்புள்ள தம்பி பேரின்பநாதனுக்கு,

முழங்காலைத் தவிர மற்றெல்லாம் ஆண்டவர் தயவால் சுகம். குளிர் விட்டுவிட்டதால் உங்கள் நெஞ்சுச் சளியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உங்கள் அண்ணன் வாங்கிய பண்ணையை நான் விற்றுவிட்டேன் என்றும், உங்களை அங்கிருந்து எழுப்பப் போகிறேன் என்றும் இங்கே பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இரண்டும் பொய். ஓர் அடி நிலத்தையும் நான் விற்கவில்லை.

நடந்தது இதுதான். பின்பக்கத்துச் சதுப்பில் வடிகால் வெட்டிக் காயவைத்துச் சோளம் போட ஒருவர் குத்தகைக்குக் கேட்டார். அதே நேரத்தில் அரசாங்கத்தின் சுற்றாடல் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இப்படியான சதுப்புகள் அழிந்து வருகின்றனவாம். காயவைக்காமல் விட்டு வைக்கும் காணிக்காரருக்கு வருடாவருடம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, முழுவதும் வாசித்துக் கையெழுத்திட்டேன்.

ஒரேயொரு மனத்தாங்கல். பூசை முடிந்து வெளியே வரும்போது திரேசம்மா எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "என்னகா அக்னெஸ் அக்கா, சேத்தைக் காட்டிக் கவுண்மென்டிட்டக் காசு வாங்குறீங்களாம்? எங்களுக்கும் ஒள்ளுப்பம் சேறு தாங்களன்." நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒருவரிடமும் சும்மா காசு வாங்கியவள் அல்ல. மடத்துப் பள்ளியில் எங்களை அப்படி வளர்க்கவில்லை.

நீங்கள் ஊரில் வட்டவிதானையாக இருந்து குளத்துக் கட்டையும் தண்ணீரையும் காத்தவர். அந்தச் சதுப்புக்கு என்ன வேலை செய்யலாம் என்று பார்த்து எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். கடைவாசலில் நின்று நீங்கள் பேசுவதில் பாதி என் காதில் விழுவதில்லை.

வதிவிட விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா?

அன்புள்ள அண்ணி,
அக்னெஸ் அருமைநாதன்


பண்ணை
03.05.2005

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடவுள் துணை. நான் நலம். சளி விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிப் பாருங்கள்.

விற்றாலும் அது உங்கள் காணி, கேட்க நான் ஆளில்லை. விற்கவில்லை என்று வாசித்த அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சப்பாத்துப் போட்டுக்கொண்டு சதுப்பைச் சுற்றிப் பார்த்தேன். இது கைவிட்ட குளம், அண்ணி. நடுவிலும் முழங்கால் தண்ணீர்தான். தெற்கு மூலையில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்விடுகிறது. சம்புப் புல் ஆளுயரம் நிற்கிறது. ஊரில் நான் ஒரு குளத்தை இப்படி விட்டிருந்தால் வெள்ளாமைக்காரர் என் தோலை உரித்திருப்பார்கள். கரையோரப் புல்லை வெட்டி, தெற்கு வாயை மண்ணும் கல்லும் போட்டுக் கட்டி, மிஞ்சும் தண்ணீர் வழிய ஒரு வான் வைத்தால் நல்ல குளமாகும்.

பக்கத்துப் பண்ணைக் கேத்தான் உழவு இயந்திரம் தருவார். அண்ணன் காலத்திலிருந்து பழக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையும் இல்லை.

நீங்கள் சொன்னால் செய்வேன். சொல்லாமல் ஒரு கல்லையும் அசைக்க மாட்டேன்.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஒரு வழக்குவம்பும் இல்லாமல் இருந்தால் வந்துவிடும் என்று சட்டத்தரணி சொல்கிறார். இந்த மூலையில் எனக்கு என்ன வம்பு?

பணிவுள்ள,
பேரின்பநாதன்


மொன்றியல்
16.05.2005

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். நல்லெண்ணெய் பூசினேன். மணம்தான் மிச்சம்.

நீங்கள் எழுதியபடியே செய்யுங்கள். காயவைக்கக் கூடாது, நிரப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது அதற்கு நேர் எதிரான நல்ல காரியம். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மகன் ஜெறோம் சொன்னான். மட்டக்களப்பு ஆட்கள் தண்ணீர் கட்ட அவளிடம் படிக்க வேண்டியதில்லை என்று அவன் வாயை அடைத்தேன்.

அடுத்த வருடம் அவர்கள் பார்க்க வரும்போது, கொடுத்த காசுக்கு இரட்டிப்பு வேலை நடந்திருக்கிறது என்று அவர்களே சொல்ல வேண்டும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

அன்புள்ள அண்ணி,
அக்னெஸ்


பண்ணை
04.07.2005

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நான் சுகம். நுளம்புதான் என்னைச் சாப்பிட்டு நல்ல சுகமாக இருக்கிறது. உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

கட்டு முடிந்தது. கேத்தான் இயந்திரத்தோடு வந்து கல் இழுத்துத் தந்தார். காலையில் என்னைக் கண்டால், "பொஞ்சூர், மிஸ்யூ காஸ்டோர்!" என்பார். காஸ்டோர் என்பது இங்கே ஓடையை மறித்து அணை கட்டுகிற தட்டைவால் பிராணி. "நீங்கதான் பெரிய காஸ்டோர், மெசின் வச்சிருக்கிற காஸ்டோர்" என்று தமிழில் சொன்னேன். விளங்கியதுபோல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

தண்ணீர் கட்டைத் தொட்ட அன்று ஒரு பிடி அரிசி போட்டுக் கும்பிட்டேன். நாங்கள் வேதக்காரர்தான். ஆனாலும் குளத்துக்கு முன்னால் கை தானாகக் குவிகிறது. கோவிக்க வேண்டாம்.

தவளைச் சத்தம் முந்தியதைவிடக் குறைவு. சம்பின் அடியில் கூடு வைத்திருந்த குட்டிக் கொக்குகளையும் காணவில்லை. தண்ணீர் நிலைத்ததும் திரும்பி வரும் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை வந்து பாருங்கள், அண்ணி.

பணிவுள்ள,
பேரின்பநாதன்


மொன்றியல்
22.08.2005

அன்புள்ள தம்பிக்கு,

பண்ணையிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தோம். கேர்க்லாண்டில் ஜெறோம் வீட்டில் இரவு தங்கினேன். நுளம்புக்குப் பயந்து காரைவிட்டு இறங்காத மருமகள் கௌசிக்குத்தான் அதிகம் கடித்திருக்கிறது.

குளக்கட்டின் மேல் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது உங்கள் அண்ணனை நினைத்தேன். நேர்த்தியான வேலை. வாயால் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன், மறந்துவிடாமல் இருக்க: இன்னும் ஒரு முழம் உயர்த்துங்கள். வேலை செய்தது தூரத்தில் நின்று பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். குளிர் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

நீங்கள் தந்த கத்தரிக்காயைப் பூசைக்கு வந்தவர்களுக்குப் பங்கிட்டேன். திரேசம்மாவுக்கும் கொடுத்தேன்.

அன்புள்ள அண்ணி,
அக்னெஸ்


பண்ணை
27.11.2005

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடவுள் துணையால் சுகம். நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. உங்களுக்கு இருமல் என்று ஜெறோம் எழுதியிருந்தார். இப்போது எப்படி?

நீங்கள் சொன்ன ஒரு முழமும் நானே தனியாக ஏற்றிவிட்டேன். தண்ணீர் இப்போது என் நெஞ்சுக்கு மேல் நிற்கிறது. கரையோரம் கண்ணாடிபோல் உறைகிறது. வான் மட்டும் உறையவில்லை. மேலே பனி மூடினாலும் கீழே பாய்ந்துகொண்டே இருக்கிறது. படுத்தால் நம்மூர்க் குளத்துச் சத்தம்.

கேத்தானின் விறகுக்காடு சதுப்புக்கு அந்தப் பக்கம். உறைந்த பிறகு பனிவண்டியில் அதன் மேலாகவே குறுக்கே போய் விறகு ஏற்றி வருவார். போன மாரிக் குளிரில் எனக்கும் இரண்டு சுமை தந்தார்.

பாலன் பிறப்புக்கு வர முடியாது. ஆட்டைப் பார்க்க ஆளில்லை.

பணிவுள்ள,
பேரின்பநாதன்


பண்ணை
08.02.2006

அண்ணிக்கு,

கேத்தான் செத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை பனிவண்டியோடு உள்ளே போய்விட்டார், வானுக்குக் கிட்ட. முப்பது வருசமாகப் போன தடம். உடைந்தாலும் சப்பாத்து நனையும், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். முந்திய தண்ணீர் என்றால் அவ்வளவுதான்.

கயிறு எறிந்தேன். ஒருமுறை பிடித்தார். பிறகு பிடிக்கவில்லை.

பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் விறகு இருந்தது. என் வீட்டுப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

பொலிஸ் வந்தது. யார் கட்டியது என்று கேட்டார்கள். நான் என்றேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரின்பநாதன்


மொன்றியல்
15.02.2006

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. செய்தி கேட்டு மிகவும் மனவருத்தம் அடைந்தேன். இறந்தவரின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

அதிகாரிகள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குளிரில் நான் அங்கே வர முடியாது என்று ஜெறோம் சொல்கிறான்.

கையுறை ஒரு சோடி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்னெஸ் அருமைநாதன்


பண்ணை
12.03.2006

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நான் இருக்கிறேன். கையுறை கிடைத்தது.

அடக்கத்துக்குப் போய்க் கோயிலில் கடைசி வாங்குப்பலகையில் இருந்தேன். வெளியே வந்தபோது கேத்தானின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன் தண்ணீரை இவ்வளவு ஆழமாக்கினாய் என்று கேட்கிறார் என எனக்கு விளங்கியது. சொல்லப் பாஷை இல்லை. பாஷை இருந்தாலும் என்ன சொல்வது?

பொலிஸ் மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி வந்தது. காணிக்காரர் சொல்லித்தான் கட்டினாயா என்று கேட்டார்கள். இல்லை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, என் எண்ணத்துக்குக் கட்டினேன் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். உங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

என்மேல் வழக்கு வரலாம் என்கிறார் சட்டத்தரணி. வந்தால் வதிவிடம் கிடைக்காது, திருப்பி அனுப்புவார்களாம். பார்ப்போம்.

பணிவுள்ள,
பேரின்பநாதன்


மொன்றியல்
24.04.2006

அன்புள்ள தம்பிக்கு,

என் சுகத்தைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை. உங்கள் சுகத்தை விசாரிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மார்ச் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நேரம் இல்லாமல் அல்ல. வாசித்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை ஒளிக்க மாட்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய ஞாயிறு திரேசம்மா பக்கத்தில் வந்து நின்று, "உங்கட புருசன்ட தம்பிக்கு விசர் அக்கா. உங்களக் கேக்காம உங்கட காணியில குளம் கட்டி, வெள்ளக்காரனக் கொன்டுபோட்டான். ஆள அனுப்பத்தான் வேணும்" என்றாள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். பிறகு நற்கருணை வரிசையில் நின்று, பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அறுபது வருடத்தில் நான் அப்படிச் செய்தது இல்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று அவளைக் கூப்பிட்டேன். "திரேசம்மா, அந்தக் குளத்தைக் கட்டச் சொன்னது நான்."

"என்னகா சொல்றீங்க?"

"கேட்டது சரிதான். எல்லாருக்கும் சொல்லு. என்ட மற்றக் கதைகளச் சொன்ன வாய்தானே, இதையும் சொல்லட்டும்."



அந்த வாரமே ஜெறோமை விசாரணை அதிகாரியிடம் கூட்டிப் போகச் சொன்னேன். காரில் ஏறியும் அவன் திறப்பைப் போட்டுக் காரை எடுக்கவில்லை. "அம்மா, சித்தப்பா சொன்னது சொன்னபடி கிடக்கட்டும். நீங்க போய்ச் சொன்னா நட்டஈடு, வழக்கு எல்லாம் உங்கட தலையில விழும். காணியும் போகும், இருக்கிற வீடும் போகும்."

"அவரைத் திருப்பி அனுப்பினா அவர்ட உயிர் போகுமே மகன். என்னை எங்க அனுப்புவாங்கள்? நான் இந்த நாட்டுப் பிரசை. ஓடு காரை" என்றேன்.

கட்டச் சொன்னது, உயர்த்தச் சொன்னது, கேட்காமல் செய்யச் சொன்னது, எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொன்னேன். சுற்றாடல் பகுதிப் பெண்ணும் அங்கே இருந்தாள். அந்தக் கட்டு சதுப்பையே மூழ்கடித்துவிட்டதாம். ஒப்பந்தம் முறிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. "மேடம், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் உங்களுக்குப் பணம் தந்தோம்" என்று மட்டும் சொன்னாள்.

கடிதம் அனுப்புமுன் நான் எழுதி வைத்துக்கொள்ளும் பிரதிகளைக் கொடுத்தேன். உங்கள் கடிதங்களைக் கொடுக்கவில்லை: பொய்யை நீங்களே திருத்தாமல் நான் காட்டிக் கொடுத்தால் அது உங்கள்மேல் இன்னொரு குற்றமாகும். அதிகாரி மரியாதையான மனிதர். ஆனால் என் கையெழுத்தில் இருக்கும் பிரதியை நேற்றுக்கூட எழுதியிருக்கலாம், உறவுக்காரரைக் காப்பாற்ற வயதானவர்கள் இப்படிச் செய்வதுண்டு என்கிறார். நீங்கள் முன்பு சொன்னதை நீங்களே எழுதித் திருத்தினால் ஒழிய, கோப்பில் உங்கள் சொல்தான் நிற்கும்.

ஆகவே திருத்தி எழுதுங்கள். அண்ணி சொன்னார், நான் செய்தேன் என்று எழுதுங்கள்.

உங்கள் அண்ணி,
அக்னெஸ்


பண்ணை
09.05.2006

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

சுகம். பனி முழுக்கக் கரைந்துவிட்டது. கட்டை உடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நானே உடைத்தேன். தண்ணீர் இரண்டு நாள் ஓடியது. சம்பு அழுகிப்போய்க் கிடக்கிறது.

நீங்கள் எழுதியதை வாசித்தேன். உங்களுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது. நீங்கள் எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வட்டவிதானை நான். தண்ணீரில் ஆள் செத்தால் அது வட்டவிதானையின் பிழை, யார் சொல்லிக் கட்டினாலும்.

அண்ணன் என்னை இந்த நாட்டுக்கு எடுத்தார், சோறு போட்டார். அவர் பெண்சாதியின் பேரைக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு இங்கே இருப்பது?

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம், அண்ணி. உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுள்ள,
பேரின்பநாதன்


மொன்றியல்
02.06.2006

அன்புள்ள தம்பி பேரின்பநாதனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். என் ஞாபகமும் சுகமாக இருக்கிறது. அதைக் குறைத்துச் சொன்னதை மன்னிக்கிறேன், ஏன் சொன்னீர்கள் என்று தெரிவதால்.

ஊரில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. செய்தியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்களைத் தேடி வந்து வீட்டுக் கதவை உடைத்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். உங்களை அங்கே அனுப்பினால் நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

போன வாரம் ஜெறோமோடு கேத்தானின் மனைவியைப் பார்க்கப் போனேன். உங்கள் வீட்டுக் கதவையும் தட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தது. நீங்கள் திறக்கவில்லை. கேத்தானின் மனைவி தன் வீட்டுக் கதவைத் திறந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அந்த அணையைக் கட்டச் சொன்னது நான்தான் என்றேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார். அது அவருடைய நியாயம். நான் வாங்கிக்கொண்டேன்.

என் பேரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேருக்காகத்தான் நான் சதுப்பில் கை வைக்கச் சொன்னேன். அதற்காக ஒரு மனிதர் போய்விட்டார். இரண்டாவது ஆளையும் கொடுத்து அதைக் காப்பாற்ற எனக்கு விருப்பம் இல்லை. உங்கள் அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்வார். அவர் சொல்லி நீங்கள் தட்டியதில்லை.

அதிகாரி இந்த மாதக் கடைசியில் கோப்பை மூடுகிறார். தமிழில் எழுதினால் போதும், மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, நீங்கள் என்ன செய்தீர்கள், அவ்வளவும் வேண்டும். கையெழுத்தும் திகதியும் மறக்க வேண்டாம். அவருடைய விலாசம் எழுதி, முத்திரை ஒட்டிய உறை இதனுடன் இருக்கிறது. எனக்கும் தனியாக எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள்.

தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

உங்கள் அண்ணி,
அக்னெஸ் அருமைநாதன்